கம்ப நடன வகுப்பும் அப்பாவின் கட்டிலும்

1

2025 ஆகஸ்ட் 14, வியாழக்கிழமை. ஊர்க் கணக்கில் ஆடி மாதத்தின் கடைசி வியாழன். இங்கே நான் குடியேறிய அபர்தீனில், கடலிலிருந்து ஏறிவந்த மூடுபனி எதிர்வீட்டுப் புகைபோக்கியை மறைத்திருந்தது. வழக்கம்போல் ஆறு மணிக்கு எழுந்து காபி போட்டு, கணவரின் கோப்பையைத் தட்டால் மூடி வைத்தேன். முந்தைய நாள் துவைத்த துணிகளைச் சமையலறைக் கொடியில் உலர்த்தினேன். மகள் தாரணிக்குப் பள்ளி அடுத்த வாரம்தான் திறக்கிறது. அவள் அறையைக் கடக்கும்போது மெதுவாக நடந்தேன். ஆறரைக்கு ஊருக்கு அழைத்தேன். அங்கே பதினொரு மணி. அப்பா இட்லி சாப்பிட்டு, மாத்திரை போட்டு, தலையணையில் சாய்ந்திருக்கும் நேரம்.

போனை எடுத்தவர் மதினி; என் அண்ணனின் மனைவி ராசாத்தி. அப்பாவைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான்.

"இன்னைக்கும் அந்தப் பைப்பத் தொட மாட்டேன்னுட்டாரு கோமதி. மொகத்த அங்கிட்டுத் திருப்பிக்கிட்டாரு," என்றார்.

பிறகு குரலைத் தாழ்த்தி, அண்ணன் ஞாயிற்றுக்கிழமை திண்டுக்கல் போய்ப் பேசி முடித்துவிட்டு வரப்போவதாகச் சொன்னார். முதியோர் காப்பகம் ஒன்றில் கட்டில் காலியாகியிருக்கிறதாம். ஆடியில் அப்பாவை வீட்டை விட்டு அனுப்ப வேண்டாம் என்றுதான் இத்தனை நாள் தள்ளிப்போட்டார்கள். ஞாயிறு ஆவணி பிறக்கிறது. அதற்குமேல் தள்ளிப்போட ஒரு காரணமும் இல்லை.

அப்பாவிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். மூச்சு மட்டும் கேட்டது. மகள் அழைக்கிறாள் என்பதற்காக வெறுமனே காதில் வைத்திருந்தார் என்று நினைக்கிறேன். வேலைக்கு நேரமானதால் நான்தான் வைத்தேன்.

அந்தப் பைப் என்ன, அதை அவர் ஏன் தொட மறுக்கிறார், அதற்கும் நான் இங்கே வியாழன் மாலைகளில் போகும் வகுப்புக்கும் என்ன சம்பந்தம் என்பதை முறையாக எழுதிவைக்கிறேன். வகுப்பின் பெயரைச் சொன்னால் ஊரில் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் படிக்கட்டும்.

2

அப்பாவுக்கு எண்பது வயது. இரண்டு வருடம் முன் பக்கவாதம் வந்ததில் இடது கையும் இடது காலும் தளர்ந்துவிட்டன. பேச்சு குழறும், நினைவு தெளிவு. எங்கள் ஊர் நிலக்கோட்டையிலிருந்து வத்தலக்குண்டு போகும் பக்கம், சேவுகம்பட்டிக்குச் சற்றுத் தள்ளி. மல்லிகைத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டாகிவிட்டது. அண்ணனுக்கு ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தையில் வேலை. இரவு கிளம்பிப் போனால் மறுநாள் மதியம்தான் வருவார். ஆகவே காலையில் அப்பாவைக் கட்டிலிலிருந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைப்பதும், குளியலறைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதும் மதினி ஒருவரின் பொறுப்பு.

அப்பாவின் இரண்டு அக்குளிலும் கைகொடுத்து, அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு, ஒரே மூச்சில் தூக்குவார். அப்படித் தூக்கித் தூக்கி மதினியின் முதுகெலும்பில் ஒரு தட்டு விலகிவிட்டது. இனித் தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது என்று திண்டுக்கல் மருத்துவர் சொல்லியிருந்தார். மதினி அதையும் சிரிப்பாகத்தான் என்னிடம் சொன்னார். குடத்தையாவது உருட்டிக்கொண்டு வந்துவிடலாம், மாமாவை எப்படி உருட்டுவது என்று கேட்டார்.

தை மாதம் நான் விடுப்பில் போயிருந்தேன். மதுரையில் இறங்கி வாடகைக் காரில் வரும்போது, நிலக்கோட்டை தாண்டியதும் கண்ணாடியை இறக்கச் சொன்னேன். வெயில் முழங்கைமேல் விழுந்தது. அபர்தீனில் வெயில் என்பது பார்ப்பதற்கு மட்டும்தான். ஊரில் அது தொட்டுப் பேசும். வீட்டுக்குள் போகும்போதே, நான் இருக்கும்வரை அப்பாவை நான்தான் தூக்குவேன், நீங்கள் தள்ளி நில்லுங்கள் என்று மதினியிடம் அறிவித்தேன்.

மறுநாள் காலை அக்குளில் கைகொடுத்து இழுத்தேன். சிமெண்டுத் தரை ஈரமாக இருந்தது. அப்பாவின் எடை முழுவதும் என் வலது தோளில் வந்து இறங்கியபோது உள்ளே எதுவோ இழுத்துக்கொண்டது. இருவரும் பக்கவாட்டில் சாய்ந்தோம். மதினி இடையில் புகுந்து, தன் இடுப்பை முட்டுக்கொடுத்து, எங்கள் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிலில் தள்ளினார். தள்ளிய பிறகு அவரால் நிமிர முடியவில்லை. சுவரைப் பிடித்தபடி குனிந்தே நின்றார்.

அப்பா என் கையைத் தட்டிக்கொடுத்தார். "விடு ஆத்தா. ஒன்னால ஆகாது," என்றார்.

அதில் கோபம் இல்லை. பரிவாகத்தான் சொன்னார். விமானத்தில் வரும் வழியெல்லாம் அந்தப் பரிவுதான் என்னோடு வந்தது.

3

நான் ஒரு கல்லூரி ஆய்வகத்தில் கருவிகளைப் பராமரிக்கும் வேலையில் இருக்கிறேன். வயது நாற்பத்தொன்பது. தோள் ஆறிய பிறகு இங்குள்ள பிசியோதெரபிஸ்ட் பெண், இனி அந்தத் தோளுக்கு வலுவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் மறுபடியும் இதே நடக்கும் என்றார். உடன் வேலை செய்யும் ஒருத்தி தான் போகும் இடத்துக்குக் கூட்டிப்போனாள். கருங்கல் கட்டடத்தின் மாடி. கீழே தரைவிரிப்புக் கடை. இந்த ஊரே கருங்கல்லால் ஆனது. மழையில் நனைந்து சாம்பல் நிறத்தில் நிற்கும் இந்தச் சுவர்களைப் பார்க்கும்போதெல்லாம், திண்டுக்கல்லுக்குள் பஸ் நுழையும்போது தெரியும் மலைக்கோட்டைப் பாறை நினைவுக்கு வரும். அதுவும் கல்தான், ஆனால் உள்ளங்கையை வைத்தால் சுடும்.

மாடியில் தரைக்கும் கூரைக்கும் இடையே பளபளவென்று எஃகுக் கம்பங்கள். போல் டான்ஸ், அதாவது கம்ப நடனம். நம் சினிமாவில் இந்தக் கம்பம் எந்த மாதிரிக் காட்சியில் வரும் என்று எனக்கும் தெரியும். முதல் நாள் படியிலேயே திரும்பிவிடப் பார்த்தேன். உள்ளே இருந்தவர்களில் ஒருவர் வங்கி ஊழியர், ஒருவர் பேருந்து ஓட்டுநர், ஒருவர் எனக்கு மூத்தவர், முழங்காலில் பட்டை கட்டியிருந்தார். பயிற்றுநர் ஷோனா என் வயதுக்காரி. சிரிப்பது குறைவு.

சேர்க்கைப் படிவத்தில் நோய்கள், பழைய காயங்கள் எல்லாம் எழுதச் சொன்னார்கள். ஆபத்தென்றால் யாருக்குத் தகவல் சொல்வது என்ற இடத்தில் யோசிக்காமல் அண்ணன் பெயரையும் எங்கள் ஊரையும் எழுதிவிட்டேன். ஷோனா பார்த்துவிட்டு, இவர் எவ்வளவு நேரத்தில் இங்கே வந்து சேர முடியும் என்று கேட்டார். அடித்துவிட்டுக் கணவரின் பெயரை எழுதினேன்.

முதல் சில வாரங்கள் யாரையும் ஏறவே விடவில்லை. உடம்பைச் சூடாக்கும் பயிற்சிகள், தோளைக் காதுப் பக்கம் ஏறவிடாமல் கீழே இழுத்துப் பிடிப்பது, வயிற்றை இறுக்கிக்கொண்டு கம்பத்தைப் பிடித்து உட்கார்ந்து எழுவது. கம்பத்தைச் சுற்றிக் கனமான மெத்தை. ஒருவர் பிடிக்கும்போது இன்னொருவர் பக்கத்தில் கைநீட்டி நிற்க வேண்டும். ஏறுவதற்கு முன் இறங்கக் கற்றுக்கொடுத்தார். கை தளர்ந்த பிறகு இறங்காதே, தளரும் முன்பே இறங்கு என்பதைத் திரும்பத் திரும்பச் சொல்வார். வலது பக்கம் செய்ததை இடது பக்கமும் செய்தாக வேண்டும். தலைகீழாகத் தொங்குவதைப் பற்றிக் கேட்ட ஒரு சின்னப் பெண்ணிடம், முதலில் உன் எடையை நேராகச் சுமக்கக் கற்றுக்கொள் என்றார். அதைக் கேட்டபோது இந்த வகுப்பில் இருந்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

உடைதான் பெரிய இடைஞ்சல். நீளக் கால்சட்டையோடு பிடித்தேன். வாழைத்தண்டில் ஏறுவதுபோல் வழுக்கிக்கொண்டு வந்தேன். தோல் பட்டால்தான் பிடி கிடைக்கும், அரைக்கால்சட்டை வேண்டும் என்றார் ஷோனா. அதை வாங்கி மூன்று வாரம் அலமாரியிலேயே வைத்திருந்தேன். மோதிரம், வளையல், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றவும் சொன்னார். தாலியைக் கைப்பைக்குள் வைத்து மூடும்போது மனம் உறுத்தியது. போனில் மதினியிடம் சொன்னேன். "கழுத்து அறுந்துபோச்சுன்னா அப்பறம் தாலி எதுலடி தொங்கும்?" என்றார். அதோடு உறுத்தல் நின்றது.

வீட்டிலும் பயிற்சி செய்தேன். கதவுப்பிடியில் துண்டைச் சுற்றி இழுப்பது, சுவரில் கையூன்றித் தள்ளுவது, அரிசிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாற்காலியிலிருந்து எழுவது. எண்ணும்போது வாய் தானாகத் தமிழில் எண்ணும். வகுப்பிலும் அப்படியே ஒரு நாள் சத்தமாக எண்ணிவிட்டேன். பிறகு அந்தப் பேருந்து ஓட்டுநர் அம்மாள் கம்பத்தில் தொங்கியபடி "ஒண்ணு, ரெண்டு" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார். என் தமிழை இந்த ஊரில் வேறு யாரும் அப்படித் திருப்பிச் சொன்னதில்லை.

என் மகள்கூட. தாரணிக்குப் பதினேழு. நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். என் வகுப்பைப் பற்றி அவள் சொன்னது ஒன்றுதான்: படம் எதையும் எங்கேயும் போட்டுவிடாதே. தாத்தா போனில் பேசும்போது அவள் என் முகத்தைப் பார்ப்பாள், நான் மொழிபெயர்ப்பேன். தன் பேச்சு குழறுவதால்தான் பேத்திக்குப் புரியவில்லை என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். நான் அதைத் திருத்தவில்லை.

4

மதினியிடம் முதலில் உடற்பயிற்சி வகுப்பு என்றுதான் சொல்லியிருந்தேன். முதன்முறையாகக் கம்பத்தில் கால் பின்னி உட்கார்ந்தபோது ஷோனா எடுத்துக்கொடுத்த காணொளியை, ஒரு பெருமையில், அவருக்கு அனுப்பிவிட்டேன். உடனே அழைத்தார்.

"ஏங் கோமதி, இம்புட்டுண்டு டவுசரப் போட்டுக்கிட்டு கம்பியில தொங்கறதுக்கா பிளேன் ஏறிப் போன?"

பிறகு, இதை உன் அண்ணனிடம் காட்டட்டுமா என்று மிரட்டினார். அண்ணன் நிலக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் தட்டி வைத்துவிடுவார் என்றார். சிரித்து முடித்து, இன்னொரு முறை பார்த்ததாகச் சொன்னார். கடைசியில் பெருமூச்சோடு ஒன்று சொன்னார்.

"அந்தக் கம்பி ஒன்னு இங்கன நட்டுவச்சா நானும் புடிச்சுக்கிட்டு எந்திரிப்பேன். குனிஞ்சா நிமிர முடியலடி."

அவர் விளையாட்டாகச் சொன்னார். எனக்கு அன்று வேலையில் கவனம் போகவில்லை. அப்பாவின் இடப்பக்கம் தளர்ந்திருக்கிறது, வலக்கை நன்றாக இருக்கிறது. இந்த இரண்டு வருடத்தில் அந்த வலக்கையை யாராவது எதற்காவது கேட்டோமா? நம் வீடுகளில் நோயாளியைக் கவனிப்பது என்றால் எல்லாவற்றையும் நாமே செய்வது என்று பொருள். சோற்றை நாமே ஊட்டுவோம், தண்ணீரை நாமே சாய்ப்போம், ஆளையே நாம் தூக்குவோம். அவர் கையை நீட்டினால் "நீங்க சும்மா இருங்க" என்போம். அன்பில் குறை இருக்கக் கூடாது என்று அப்படிச் செய்கிறோம். சும்மா இருந்து சும்மா இருந்துதான் அப்பா கனமாகிவிட்டார்.

அப்பாவுக்குப் பயிற்சி கொடுக்கத் திண்டுக்கல்லிலிருந்து வரும் பிசியோதெரபிஸ்ட் தம்பியை அழைத்துக் கேட்டேன். தரைக்கும் கூரைக்கும் பொருத்திய கம்பியைப் பிடித்து எழுந்து நிற்பது நல்ல வழிதான் என்றார். நிபந்தனைகளும் சொன்னார்: அப்பாவின் பின்னால் நாற்காலி இருக்க வேண்டும், இடுப்பில் ஒரு பட்டை கட்டி ஒருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும், தனியாக ஒருபோதும் கூடாது, முதல் நாட்களில் அவரே உடன் இருப்பார். எல்லாவற்றையும் மதினிக்கு வரிசையாகச் சொன்னேன். தரை உலர்ந்திருக்க வேண்டும், மூச்சைப் பிடிக்கக் கூடாது, களைக்கும் முன்பே உட்கார வேண்டும். ஷோனா எனக்குச் சொன்ன ஒவ்வொன்றையும் நான் அவருக்குச் சொன்னேன். சொன்னதாக நினைத்தேன்.

ஆனி மாதம் வெல்டர் வந்தார். கனமான இரும்புப் பைப். மேலும் கீழும் தகடு வைத்து, கூரைத் தளத்திலும் தரையிலும் போல்ட் போட்டு இறுக்கினார். பிறகு அதைக் கட்டிப்பிடித்துக் கால்களைத் தூக்கித் தொங்கிக் காட்டினார். அவர் நல்ல பருமன். மதினி எல்லாவற்றையும் போனில் காட்டிக்கொண்டிருந்தார். அப்பா கட்டிலில் இருந்து நெடுநேரம் அந்தப் பைப்பை மேலிருந்து கீழாகப் பார்த்தார்.

"எந்தக் கெணத்துக்கு?" என்றார்.

மதினிக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. தோட்டத்துக் கிணற்றில் மோட்டார் தண்ணீர் இழுக்காவிட்டால் அடியில் இருக்கும் வால்வில் குப்பை அடைத்திருக்கும். அப்பா சட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு, மோட்டார் பைப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே இறங்குவார். படி பாதிக் கிணறு வரைதான். ஏறி வரும்போது இரண்டு பாதங்களும் பைப்பை அணைத்திருக்கும், முதுகு நேராக இருக்கும். மேலே வந்ததும் வால்வில் என்ன சிக்கியிருந்தது என்று சொல்வார். பாலிதீன் பை. ஒருமுறை தவளை. ஒருமுறை நான் தொலைத்துவிட்டு அடிவாங்கிய ரிப்பன். ஷோனா இன்று எங்களுக்குக் கற்றுத் தரும் அதே பிடிதான் அது. என்னையும் இறக்கிவிடுங்கள் என்று கேட்பேன். பொம்பளப் பிள்ளை தொங்கக் கூடாது என்று அம்மா கரையிலிருந்து கத்துவாள். அம்மா இப்போது இல்லை.

5

ஆடி பிறந்த வாரத்தில் அப்பா எழுந்து நின்றார். மதினி சொன்னபோது அவர் குரலே மாறியிருந்தது. முதலில் பாதி எழுந்து உட்கார்ந்தாராம். பிறகு பிசியோ தம்பி, "ஐயா, நீங்க இழுங்க, நாங்க தூக்க மாட்டோம்," என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாராம். அப்பா அவரை ஒரு முறை முறைத்துவிட்டு எழுந்தாராம். நின்ற இடத்திலிருந்து அவர் முதலில் பார்த்தது ஜன்னலைத்தான். "முருங்கைய யாரு வெட்டுனது?" என்று கேட்டாராம். அது போன வருடம் வெட்டியது. படுத்திருந்தவருக்கு யாரும் சொல்லவில்லை.

தினமும் என் அழைப்பு முடிந்ததும் நிற்பார். நின்று, நாற்காலிப் பக்கம் திரும்பி, தானே உட்காருவார். மதினி பட்டையைப் பிடித்தால் போதும், தூக்க வேண்டியதில்லை. மதினி அந்த நாட்களில் போனில் பாட்டுப் பாடாத குறை. நானும் ஆய்வகத்தில் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றபடி வேலை செய்தேன். காரணம் கேட்டவர்களுக்கு முதுகு வலி என்றேன்.

போன சனிக்கிழமை அப்பாவின் கை பைப்பிலிருந்து நழுவியது. பாதி எழுந்தவர் பொத்தென்று நாற்காலியில் விழுந்தார். முழங்கை உரசித் தோல் போயிற்று. நாற்காலி இருந்ததால் வேறொன்றும் ஆகவில்லை. ஆனால் அப்பா தன் வலக்கையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாராம். நன்றாக இருந்த ஒரே கையும் போய்விட்டது என்று அவர் நினைத்துவிட்டார். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஒரு நாளும் பைப்பைத் தொடவில்லை. மதினி மறுபடியும் அக்குளில் கைகொடுக்க வேண்டியதாயிற்று.

சனிக்கிழமை மதியமே, சந்தையிலிருந்து வந்த அண்ணன் முழங்கைக் கட்டைப் பார்த்துவிட்டு என்னை அழைத்தார். அவரைக் குறை சொல்ல என்னால் முடியாது. ஒரு பக்கம் அப்பா, ஒரு பக்கம் மனைவியின் முதுகு.

"அவரு விழுந்து இடுப்பு ஒடஞ்சா நீ அங்கருந்து தூக்குவியா?" என்று கேட்டார்.

விடுப்பு கேட்டுப் பார்த்தேன். எங்கள் கல்லூரியின் இணையப் படிவத்தில் நீங்கள் பராமரிப்பவர் உங்களோடு வசிக்கிறாரா என்று ஒரு கேள்வி. இல்லை என்று குறித்தால் அடுத்த பக்கம் திறப்பதில்லை. ஆம் என்று குறித்தால் அவருடைய இந்த ஊர் முகவரியைக் கேட்கிறது. மனிதவளப் பிரிவுப் பெண்ணிடம் நேரில் போனேன். உங்கள் நிலைமை இந்தப் படிவத்தில் இல்லை என்று வருத்தத்தோடு சொன்னார். தை மாதமே ஆண்டு விடுப்பின் பெரும்பகுதியை எடுத்தாயிற்று. மிச்சத்தைக் கிறிஸ்துமஸை ஒட்டித்தான் தர முடியுமாம். ஆவணிக்கும் கிறிஸ்துமஸுக்கும் நடுவில் அப்பா எந்தக் கட்டிலில் இருப்பார் என்பதுதான் கேள்வி.

இந்த வாரம் முழுவதும் அலமாரியைத் திறக்கும்போதும் பாத்திரம் எடுக்கும்போதும் என் தோள்கள் வலுவாக இருப்பது எனக்கே தெரிந்தது. இவ்வளவு வலு இந்த ஊரில் எதற்கு என்று இருந்தது.

6

இன்று மாலை வகுப்புக்குப் போகும் எண்ணமில்லை. கணவர்தான் வீட்டில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குப் போய்விட்டு வா என்று காரில் கொண்டுவந்து இறக்கினார்.

புதிதாக ஒரு பெண் சேர்ந்திருந்தாள். நல்ல உடல்வலு உள்ளவள். மலையேறும் பழக்கம் உண்டு என்றாள். சூடேற்றும் பயிற்சி முடிந்து கம்பத்தைப் பிடித்ததும், அப்படியே வழுக்கி மெத்தையில் உட்கார்ந்தாள். மறுபடியும் பிடித்தாள். மறுபடியும் வழுக்கியது. முகம் சிவந்துவிட்டது. தன் கைக்கு வலுவில்லை என்று அவளே சொன்னாள்.

ஷோனா அவள் கையைத் திருப்பி உள்ளங்கையைத் தடவிப் பார்த்தார். குளித்துவிட்டு என்ன பூசினாய் என்று கேட்டார். காலையில் ஏதோ க்ரீம் என்றாள் அவள். உன் கையில் ஒரு குறையும் இல்லை, போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வா என்று சொல்லிவிட்டு, ஷோனா கம்பத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் மேலிருந்து கீழ்வரை அழுத்தித் துடைத்தார். கழுவிவிட்டு வந்த அந்தப் பெண் பிடித்தாள். பிடி நின்றது.

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. சனிக்கிழமை!

சனிக்கிழமை அப்பாவுக்கு எண்ணெய்க் குளியல். சிறுவயதிலிருந்து நான் அறிந்த வழக்கம். பக்கவாதத்துக்குப் பிறகு மதினி அதை இன்னும் விரிவாகச் செய்கிறார். நல்லெண்ணெயைக் காய்ச்சி, தளர்ந்த கைகால்களுக்கு நீவித் தேய்ப்பார். நல்ல கையை விட்டால் அது கோபித்துக்கொள்ளும் என்று அதற்கும் தேய்ப்பார். சீயக்காய் தலைக்குத்தான் போகும். உள்ளங்கைக்கு யார் போடுவார்கள்? அதற்கு முந்தைய சனிக்கிழமைகள் எப்படித் தப்பின என்று யோசித்தேன். அப்போதெல்லாம் அப்பா நின்று முடித்த பிறகுதான் குளியல். போன சனிக்கிழமை நாங்கள் போனில் பேசி நேரமாகிவிட்டதால், குளியல் முந்திக்கொண்டது. அன்று பேச்சை இழுத்தவள் நான்.

தோலில் எதையும் பூசிக்கொண்டு வரக் கூடாது என்பது ஷோனாவின் விதிகளில் முதலாவது. சுவரில் எழுதியே இருக்கிறது. காலையில் குளித்து மாலையில் போகும் எனக்கு அது சம்பந்தமில்லை என்று கடந்துவிட்டேன். மதினிக்கு எல்லா விதிகளையும் சொன்னவள் அதைச் சொல்லவில்லை. எண்ணெயை நாம் மருந்தாக நினைக்கிறோம். அது எதற்காவது இடைஞ்சலாகும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

ஊரில் எல்லோரும் தூங்கும் நேரம். மதினிக்குக் குரல் பதிவு அனுப்பினேன். ஷோனா கம்பங்களைத் துடைத்துக்கொண்டிருந்தார்; நான் படிக்கட்டில் நின்று பேசினேன். பைப்பில் அன்றைய எண்ணெய் இன்னும் இருக்கும், அதைச் சோப்புப் போட்டுத் தேய்த்து உலரத் துடைக்க வேண்டும் என்றேன். அப்பாவின் கையையும் அப்படியே. நாற்காலி, பட்டை எல்லாம் பழையபடி. கட்டாயப்படுத்த வேண்டாம் என்றும் சொன்னேன். கடைசியாக ஒன்று சொன்னேன். அதைச் சொல்லும்போது என் பேச்சில் ஊர் வந்துவிட்டது.

"மதினி, அவரு கை விட்டுப் போகல. எண்ணெ வழுக்கிருச்சு, அம்புட்டுத்தான். அத மட்டும் அவருகிட்ட நல்லாக் கேக்குற மாதிரி சொல்லுங்க."

வீட்டுக்கு வந்து, சாதமும் பருப்பும் சாப்பிட்டு, இதை எழுத உட்கார்ந்தேன். தாரணி வந்து, ஏன் சிரிக்கிறாய் என்று கேட்டாள். சிரித்துக்கொண்டிருந்தேன் என்பது எனக்குத் தெரியாது. முழுவதையும் சொன்னேன், தமிழிலேயே. பாதியில் எழுந்து போய்விடுவாள் என்று எதிர்பார்த்தேன். முழுவதும் கேட்டாள். "தாத்தாவுக்கு என்ன வெயிட்?" என்று கேட்டுவிட்டு, என் புஜத்தை அழுத்திப் பார்த்துவிட்டுப் போனாள்.

7

ஆகஸ்ட் 15, வெள்ளி. இன்று காபிகூடப் போடாமல் முதலில் ஊருக்குக் காணொளி அழைப்பு போட்டேன். நெடுநேரம் மணி அடித்தது. மதினி எடுத்தார். முகம் முழுதாகத் தெரியவில்லை.

"பேசாதடி. நிக்கிறாரு," என்று கிசுகிசுத்தார். "சோப்புப் போட்டுக் கழுவியாச்சு. அவரே திருநீறு கேட்டு வாங்கிக் கையில பூசிக்கிட்டாரு. நீ அனுப்புனதக் கேட்டுட்டு ஒங்க அண்ணன் சந்தைக்குப் போகல. பின்னாடி நாக்காலியப் புடிச்சுக்கிட்டு நிக்கிறாரு."

போனைக் கட்டிலில் போட்டுவிட்டார். திரையில் எங்கள் வீட்டுக் கூரை தெரிந்தது. நின்றுபோயிருந்த மின்விசிறி. தளத்தில் இறுக்கிய தகடு, அதிலிருந்து இறங்கும் பைப். பைப்பில் ஒரு கை, விரல்கள் வெளுத்து, அசையாமல். தெருவில் ஒரு பூ வேன் ஒலியெழுப்பிக்கொண்டு போனது எனக்கு இங்கே கேட்டது.

"யாரு, கோமதியா?" அப்பாவின் குரல், மேலிருந்து வந்தது. "செத்த நேரம் இருக்கச் சொல்லு."

இருந்தேன்.